நூறு நாள் கெடு

(கொடைக்கானலில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரியத் தொடர் ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் சற்றுத் தயங்கினார்கள். மலைக்கு வந்திருக்கிறீர்கள், குறிஞ்சித் திணையைப் பற்றிப் பேசலாமே என்று கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். சேர்ப்பதற்கு நான் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மனிதப் பெண்ணுக்கும் மனிதரல்லாத ஒன்றுக்கும் நடுவே காதல் என்றால், தமிழில் அந்தக் கதைக்கு முதலில் இடம் கொடுத்தது மலைதான்.

கொரியத் தொடர்கள் நமக்குப் புதியவையும் அல்ல. 2013-இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. அன்று பள்ளி விட்டு வந்து பார்த்த பிள்ளைகள் இன்று கைப்பேசியில் கொரிய மொழியிலேயே கேட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் பார்க்கிறார்கள். மூஞ்சிக்கல்லிலும் நாயுடுபுரத்திலும் கடையில் வேலை செய்யும் பெண்கள், மழைக்காலத்தில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் ஒரு தொடரை முழுதாகப் பார்த்து முடிக்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. காதலைப் பற்றி, சாவைப் பற்றி, வீட்டில் வாய்விட்டுப் பேச முடியாத பலவற்றைப் பற்றி அவர்கள் யோசிக்கும் இடம் அது. அதனால்தான் ஒரு தொடர் நன்றாகத் தொடங்கிப் பாதியில் கைவிட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நம்பி உட்கார்ந்தவர்களின் நேரத்தை மட்டும் அது வீணாக்கவில்லை, அவர்கள் கொண்டுவந்த துக்கத்தையும் கேட்காமல் விட்டுவிடுகிறது.

நான் எடுத்துக்கொண்ட தொடர் ‘டூம் அட் யுவர் சர்வீஸ்’. ஒரு நாள் எங்கள் வீட்டு வாசல் வழியே அழிவு உள்ளே வந்தது என்பதுதான் அதன் கொரியத் தலைப்பு சொல்லும் செய்தி. 2021 மே 10 முதல் ஜூன் 29 வரை டிவிஎன் அலைவரிசையில் திங்கள், செவ்வாய் இரவுகளில் வந்தது. மொத்தம் 16 பகுதிகள். எழுதியவர் இம் மே-அரி, இயக்கியவர் குவான் யங்-இல். பார்க் போ-யங் நாயகி, சோ இன்-குக் நாயகன்.

முதல் பகுதியை அப்படியே சொல்லிவிடுகிறேன். தோங்கியோங் என்ற பெண் இணையத் தொடர்கதைகள் வெளியிடும் நிறுவனம் ஒன்றில் ஆசிரியராக வேலை பார்க்கிறாள். பெற்றோர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். தாயின் சகோதரிதான் அவளையும் தம்பியையும் வளர்த்தார். ஒரு நாள் மருத்துவர் அவளுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்கிறார். மீதி இருப்பது சுமார் மூன்று மாதம். அதே நாளில், தான் காதலித்தவன் ஏற்கெனவே மணமானவன் என்றும் தெரிகிறது. இரவில் மொட்டைமாடி வீட்டில் தனியாகக் குடித்துவிட்டு, வானத்தில் விழும் எரிவெள்ளியைப் பார்த்து, இந்த உலகமே அழிந்து போகட்டும் என்று கத்துகிறாள். வாசலில் ஒருவன் வந்து நிற்கிறான். அவன் பெயரே அழிவு. கொரிய மொழியில் மியொல்மாங்.

அவன் ஓர் ஒப்பந்தம் வைக்கிறான். நூறு நாள் அவளுக்கு வலி இருக்காது. அவன் அவள் கையைப் பிடித்தால் வலி நிற்கும். அந்த நூறு நாள் முடிவதற்குள் அவள் உலகம் அழியட்டும் என்று மனதார வேண்டிக்கொள்ள வேண்டும். வேண்டாமல் ஒப்பந்தத்தை முறித்தால், அந்த நேரத்தில் அவள் உலகத்தில் யாரை மிக அதிகமாக நேசிக்கிறாளோ அவர் அவளுக்குப் பதிலாகச் சாவார்.

எவ்வளவு கச்சிதமான பொறி என்று பாருங்கள். வேண்டினால் எல்லோரும் அழிவார்கள். வேண்டாவிட்டால் தம்பியோ, வளர்த்தவரோ. அவள் யோசித்து ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். இவனையே காதலித்துவிட்டால்? அப்போது செத்துப்போவது இவனாகத்தானே இருக்கும்! கொலை செய்யும் நோக்கத்தோடு ஒருத்தி காதலிக்கக் கிளம்புகிறாள். அவனும் சம்மதிக்கிறான், ஏனென்றால் காலம் காலமாக எல்லாவற்றுக்கும் முடிவாக இருந்து சலித்த அவனுக்கும் மறைந்துபோக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதன் பிறகு அவள் அவனை உண்மையாகவே நேசிக்கத் தொடங்கினால், ஒவ்வொரு முத்தமும் அவன் கழுத்தில் இறங்கும் கத்தி. இப்படி ஒரு முடிச்சைப் போட்ட எழுத்தாளரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். காதலும் கொலையும் ஒரே செயலாக நிற்கும் கதை எந்த மொழியிலும் அடிக்கடி கிடைப்பதில்லை.

முதல் ஐந்தாறு பகுதிகள் இந்த முடிச்சின் மேலேயே நடக்கின்றன. கை பிடிக்கும் காட்சிகளில் எல்லாம் இரண்டு அர்த்தம் இருக்கிறது: அது மருந்து, அது தூண்டில். பார்க் போ-யங் உடம்பால் மிகச் சிறியவர். அந்தச் சிறிய உடம்பை வைத்துக்கொண்டு அழிவையே முறைத்துப் பார்க்கும் பெண்ணாக அவர் நடித்திருப்பதை நான் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். சோ இன்-குக் முகத்தில் ஒரு சோர்வு இருக்கிறது. இவ்வளவு காலம் வாழ்ந்தவன் இப்படித்தான் இருப்பான் என்று நம்பவைக்கிற சோர்வு.

எங்கே தளர்ந்தது என்றால், பாதியில். இந்தக் கதையில் ஒரு பெண் தெய்வம் வருகிறது. சிறுமி உருவத்தில், இதயக் கோளாறுள்ள நோயாளியாக மருத்துவமனையில் ஒரு பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். தொடக்கத்தில் அவள் ஓர் அருமையான பாத்திரம்: படைத்தவளே படுக்கையில் கிடக்கிறாள். ஆனால் கதை முன்னே நகராத இடத்தில் எல்லாம் எழுத்தாளர் அவளைக் கூப்பிடத் தொடங்குகிறார். அவள் காதலர் இருவரின் நினைவையும் துடைக்கிறாள். துடைத்த நினைவு சீக்கிரமே திரும்பி வந்துவிடுகிறது. வந்த பிறகு, துடைத்ததால் யாரும் எதையும் இழக்கவில்லை என்று தெரிகிறது. பிறகு அவன் அவளுக்காக மறைகிறான், அவள் நோய் நீங்கிப் பிழைக்கிறாள். அதுவரைகூடச் சரி. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது நடந்திருக்கிறது. அதற்கும் பிறகு அவன் மனிதனாகத் திரும்பி வருகிறான். எந்த விதியால்? அந்தச் சிறுமி நினைத்ததால்.

அவளுக்கும் உயிர் கிடைத்தது, அவனுக்கும் உயிர் கிடைத்தது. உலகமும் பத்திரமாக இருக்கிறது. தம்பிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் முதல் பகுதியில் என்னைப் பயமுறுத்தியது எதற்கு?

இடையில் இன்னொரு காதல் கதையும் ஓடுகிறது. நாயகியின் தோழி ஒரு தொடர்கதை எழுத்தாளர். அவளுக்கு முதல் காதலன் ஒருவன், அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் நண்பன் ஒருவன். மூவரும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைக்கும் அழிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நூறு நாளில் நாட்கள் கரைந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் நாம் இவர்களோடு காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். கெடு வைத்து எழுதும் கதைக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. இன்று எத்தனையாவது நாள் என்ற பதைப்பு பார்க்கிறவர் நெஞ்சிலிருந்து போய்விடுகிறது.

தொழில்முறைக் காரணமும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் பகுதிகள் பதினாறு என்றால், பதினேழு பதினெட்டு மணி நேரம் நிரப்ப வேண்டும். 2010-இல் கொரிய அரசு தொடர்களுக்குள் பொருள் விளம்பரத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதன் பிறகு காப்பிக் கடை, சாப்பாட்டுக் கடை, கைப்பேசி எல்லாம் காட்சிகளாகவே எழுதப்பட வேண்டியிருக்கிறது. எட்டுப் பகுதிக்குப் போதுமான முடிச்சைப் பதினாறுக்கு நீட்டுகிற கட்டாயத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் நீட்டியதால் மட்டும் இது கெடவில்லை என்பதுதான் என் வழக்கு. அதே பதினாறு பகுதிக்குள், அதே டிவிஎன் அலைவரிசையில், ‘காப்ளின்’ நின்று காட்டியிருக்கிறது.

‘காப்ளின்’ 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை வந்தது. கிம் உன்-சுக் எழுதியது. கோர்யோ காலத்துப் படைத்தலைவன் ஒருவன் நெஞ்சில் வாளோடு, சாக முடியாமல், தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறான். அவனுக்கென்று விதிக்கப்பட்ட மணப்பெண் ஒருத்தியின் கண்ணுக்குத்தான் அந்த வாள் தெரியும், அவளால்தான் அதை உருவ முடியும். உருவினால் அவன் சாம்பலாவான். பாருங்கள், இங்கேயும் காதலியின் கையில்தான் சாவு. 13-ஆம் பகுதியில் வாள் உருவப்படுகிறது, அவன் சாம்பலாகிறான். ஒன்பது ஆண்டு கழித்து அவன் திரும்பி வருவது உண்மைதான். ஆனால் எப்படி? முதல் பனி விழும் நாளில் அவள் அழைத்தால் வருவேன் என்று முன்பே அவன் கையெழுத்திட்டுக் கொடுத்த தாள் ஒன்று இருக்கிறது. நாம் அதை அப்போதே பார்த்திருக்கிறோம். அந்தத் தாள்தான் அவனைக் கொண்டுவருகிறது. அப்படி வந்த பிறகும் கதை சும்மா விடவில்லை. குழந்தைகள் நிறைந்த ஒரு பேருந்தைக் காப்பாற்றத் தன் காரைக் குறுக்கே நிறுத்தி அவள் இறக்கிறாள். எமதூதர்களின் ஏட்டிலே அந்தச் சாவு எழுதப்பட்டிருக்கவில்லை, ஏனென்றால் தன்னையே கொடுப்பது மனிதரின் முடிவு, தெய்வத்தின் கணக்கில் வராது என்று தொடர் சொல்கிறது. அந்த ஓர் இடத்துக்காகவே அந்தத் தொடரின் மற்றக் குறைகளை நான் மன்னிப்பேன். கடைசிப் பகுதியைத் தென்கொரியாவில் இருபது சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பார்த்தன. கேபிள் தொலைக்காட்சித் தொடர் எதுவும் அதுவரை தொடாத எண் அது.

2023 நவம்பரில் தொடங்கிய ‘மை டீமன்’ தொடரையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டு வாழ்ந்த பேயான ஒருவன், மனிதர்களோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டு ஆன்மாவை எடுத்துக்கொள்கிறவன். கடலில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றும்போது அவன் மணிக்கட்டில் இருந்த பச்சைக்குத்து அவள் மணிக்கட்டுக்கு மாறிவிடுகிறது. அவள் கையைப் பிடித்தால்தான் இனி அவனுக்குச் சக்தி. தொடக்கம் நல்ல விறுவிறுப்பு. பிறகு நிறுவனச் சொத்துத் தகராறு, கொலைகாரன் யார் என்ற விசாரணை. முடிவில் அவன் எரிந்து மறைந்து, மீண்டும் வருகிறான். வீதியில் அலையும் ஓர் ஏழைப் பெண்ணாக வரும் கடவுள் ஒரு பந்தயத்தில் மனம் மாறுவதுதான் காரணம். ‘டூம்’ தொடரில் வந்த அதே வியாதி.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். இப்படிப்பட்ட காதல் கதையில் தெய்வமோ பேயோ சிக்கலைக் கொண்டுவரலாம். எவ்வளவு பெரிய சிக்கலையும் கொண்டுவரலாம், நாம் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புவோம். ஆனால் அந்தச் சிக்கலை அவிழ்க்கும் கை மனிதக் கையாக இருக்க வேண்டும், அல்லது அவிழ்வதற்கான வழி கதையில் முன்பே ஊன்றப்பட்டிருக்க வேண்டும். தெய்வமே வந்து அவிழ்த்தால், அது கட்டியதற்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது.

இது கொரியாவுக்குச் சொல்லும் பாடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மலையிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

இங்கிருந்து பூம்பாறைக்குப் போகிறவர்கள் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. அந்தப் பெயருக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அருணகிரிநாதர் அங்கே இரவு தங்கித் தூங்கும்போது ஓர் அரக்கி அவரைக் கொல்ல வந்தாள். முருகன் வேலை எடுக்கவில்லை. சின்னக் குழந்தையாகி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டான். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து அரக்கி போய்விட்டாள். சூரனைப் பிளந்த வேல் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல், அரக்கிக்கும் மனம் உண்டு என்பதை நம்பிச் செய்த காரியம். அருணகிரியைக் காப்பாற்றியது அரக்கியின் இரக்கம். இந்தக் கதையைக் கட்டிய ஊர்க்காரர்களுக்கு, சக்தி எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இனி குறிஞ்சி. வெறியாட்டு என்பதைப் பள்ளியில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்திருப்பீர்கள். அதை ஒரு தொடரின் முதல் பகுதியாக நினைத்துப் பாருங்கள். மலைக்குடியில் ஒரு பெண் மெலிகிறாள். சோறு இறங்கவில்லை, தோள் வளை நெகிழ்கிறது, நெற்றி பசந்துவிட்டது. தாய் பயப்படுகிறாள். மலையில் இருக்கும் முருகன் இவளைப் பிடித்துக்கொண்டான் என்று நினைக்கிறாள். முருகனின் பூசாரியான வேலன் வருகிறான். களத்தில் மணல் பரப்புகிறார்கள், கழங்கு உருட்டிக் குறி பார்க்கிறார்கள், ஆட்டுக்குட்டியை அறுத்துப் பலி கொடுக்கிறார்கள். வேலன் சாமி வந்து ஆடுகிறான். அந்தப் பெண்ணுக்கும் அவள் தோழிக்கும் மட்டும் உண்மை தெரியும்: பிடித்தது முருகன் இல்லை, மலையடிவாரத்தில் தினைப்புனத்துக்கு வந்துபோகும் ஒரு பையன். தெய்வத்தின் பெயரால் ஆடு சாகிறது, தாய் அழுகிறாள், இவர்கள் வாய் திறக்க முடியவில்லை. நற்றிணையின் 34-ஆம் பாடலில் தோழி முருகனையே பார்த்துப் பேசுகிறாள். இந்த நோய் உன்னால் வந்தது இல்லை என்று தெரிந்திருந்தும் வேலன் அழைத்தான் என்பதற்காக வந்து நிற்கிறாயே, நீ தெய்வமாக இருந்தாலும் அறிவற்றவன் என்கிறாள். எவ்வளவு துணிச்சல்! தெய்வம் வந்திருக்கிறது, ஆனால் தெய்வத்தால் இதில் செய்ய ஒன்றும் இல்லை. தோழி வாய் திறந்து சொன்னால்தான் தீரும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளும், தோழி அப்படி வாய் திறக்கும் அந்த ஒரு நேரம்தான். நாம் 99 பூக்களின் பெயருக்காக அதைக் கொண்டாடுகிறோம். கதையாகப் படித்தவர்கள் குறைவு. தொடக்கத்திலேயே தாய் குறி கேட்டும் பல தெய்வங்களைக் கும்பிட்டும் களைத்திருக்கிறாள். தோழி நடந்ததைச் சொல்கிறாள். மதயானை பாய்ந்து வந்ததையும் அவன் அதை விரட்டியதையும் சொல்கிறாள். மலையுச்சித் தெய்வத்தின் பேரில் ஆணையிட்டு, அருவித் தண்ணீரைக் குடித்து, அவன் வாக்குக் கொடுத்ததைச் சொல்கிறாள். முடிவில், இரவில் அவன் வரும் வழியை நினைத்துத் தலைவி நடுங்குவதைச் சொல்கிறாள். அந்த வழியில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நீண்ட பட்டியல்: புலி, கரடி, யானை, இடி, பாம்பு, முதலை, வழுக்கும் பாதை. அந்த வரிசையின் நடுவே சூரும் இருக்கிறது, மலையில் உறையும் அச்சுறுத்தும் தெய்வம். வழுக்குப் பாறைக்கும் சூருக்கும் கபிலர் ஒரே வரிசையில் இடம் கொடுக்கிறார். மழைநாளில் வட்டக்கானல் பக்கம் இறங்கி நடந்தவர்களுக்கு அந்த வரிசை சரிதான் என்று தெரியும். தெய்வம் அங்கே ஆபத்துகளில் ஒன்று. பாட்டு முடியும்போது கல்யாணம் ஆகவில்லை. தோழி சொல்லிவிட்டாள், இனித் தாய் முடிவெடுக்க வேண்டும். அங்கே நிற்கிறது.

கபிலர் இந்த மலைப்பக்கம் வந்த காரியம் ஒன்றும் புறநானூற்றில் இருக்கிறது. பழனிக்குப் பழைய பெயர் பொதினி. ஆவியர் குடியின் நாடு இது. மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்த பேகன் அந்தக் குடியில் வந்தவன். அந்தப் போர்வைக் கதையை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். அவன் தன் மனைவி கண்ணகியை விட்டு வேறொருத்தியிடம் போய் இருந்தான் என்பதையும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காகப் பாடினார்கள் என்பதையும் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள். பரணர் போய், எங்களுக்குப் பசியும் இல்லை, பரிசும் வேண்டாம், இன்றிரவே நீ தேரேறி அவள் துயரத்தைத் தீர்க்க வேண்டும், அதுவே நாங்கள் கேட்கும் பரிசு என்ற கருத்தில் பாடுகிறார். பேகன் போனானா? பாடல்கள் அதைச் சொல்லவில்லை. சேர்த்துவைக்க ஒரு தெய்வத்தை அழைப்பது அந்தப் புலவர்களுக்குக் கடினமாக இருந்திருக்காது. அவர்கள் அழைக்கவில்லை. குற்றம் செய்தவன் மனிதன், திருந்த வேண்டியவனும் அவனே.

சினிமாவுக்கு வருகிறேன். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1963. மறுபிறவிக் காதல். காதலர்கள் மீண்டும் பிறந்து வருகிறார்கள் என்றால் எழுத்தாளருக்கு எல்லாம் எளிதாகிவிடும். ஸ்ரீதர் அப்படி விடவில்லை. அவர்களைப் பிரித்த ஜமீன்தாரை, நம்பியாரை, நூறு வயதைத் தாண்டிய கிழவனாக உயிரோடு வைத்திருக்கிறார். காதலுக்கு இரண்டு பிறவி கொடுத்தால் வன்மத்துக்கும் அதே அளவு ஆயுள் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் படத்தின் நேர்மை. 2015-இல் வந்த ‘அநேகன்’ அதே மறுபிறவியைக் கையில் எடுத்தது. அறுபதுகளின் பர்மாவில் நடக்கும் அதன் முதல் காதலை நான் இன்றும் நினைக்கிறேன். நாட்டை விட்டு விரட்டப்படும் தமிழர்களின் துயரமும் அந்தக் காதலும் பின்னிக்கொண்டிருந்தன. பிற்பாதி, கணினி விளையாட்டு நிறுவனம், மாத்திரை, வில்லன் என்று போய் அந்தப் பர்மாவை வெறும் கனவாக்கிவிட்டது. வருத்தமாக இருந்தது.

‘குணா’ இந்த ஊரின் படம். 1991 தீபாவளிக்கு வந்தது. சந்தான பாரதி இயக்கம், சாப் ஜான் கதை, பாலகுமாரன் வசனம், வேணு ஒளிப்பதிவு. தூண் பாறைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் பேய்ச் சமையலறை என்று பெயர் வைத்திருந்த குகைக்கு அந்தப் படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. சோலைமரங்களின் வேர்கள் தரையெல்லாம் பின்னிக் கிடக்கும் அந்த இடத்தில் இன்று கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். 2006-இல் கேரளத்தின் மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் அந்தப் பள்ளத்தில் விழுந்து, நண்பர் ஒருவர் இறங்கி மீட்ட நிகழ்ச்சியை 2024-இல் படமாகவும் பார்த்தீர்கள்.

குணா, வானத்திலிருந்து அபிராமி தனக்காக இறங்கி வருவாள், பௌர்ணமியில் தனக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று நம்புகிறவன். அவன் கடத்திக்கொண்டு வரும் பெண் தெய்வம் அல்ல. படம் அவன் நம்பிக்கையைக் கேலி செய்வதும் இல்லை, உண்மை என்று நிரூபிப்பதும் இல்லை. ஒரு கணம்கூட அபிராமி வானத்திலிருந்து வந்து அவனுக்கு உதவவில்லை. ஆனால் கடத்தப்பட்ட பெண் கொஞ்சம் கொஞ்சமாக அவன் கூப்பிடும் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறாள். அவளாக எடுத்த முடிவு அது. பெண்ணைக் கடத்திவந்து காதலிக்க வைக்கும் கதை இன்றைய கண்ணுக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். அதைச் சொல்லிவிட்டே இதையும் சொல்கிறேன்: முடிவில் அவள் கொல்லப்படுகிறாள், அவளைத் தூக்கிக்கொண்டு அவன் மலைமுகட்டிலிருந்து பாய்கிறான், படம் அங்கே முடிகிறது. வசூலுக்காக இருவரில் ஒருவரையாவது பிழைக்கவைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். அந்தக் குழு இணங்கவில்லை.

மறுபடி தோங்கியோங்கிடம் போகிறேன். என்னை மிகவும் வருத்துவது அவள் நோய் நீங்கிய விதம். கிளியோபிளாஸ்டோமா கற்பனை வியாதி இல்லை. அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் கொடுத்தும் பெரும்பாலான நோயாளிகள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அளவே வாழ்கிறார்கள். இந்த ஊரில் அப்படி ஒரு நோய் வந்தால், பொழுது விடிவதற்கு முன்னே கிளம்பி வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு நூற்றிருபது கிலோமீட்டர் இறங்க வேண்டும், மலைச்சாலையின் ஒவ்வொரு திருப்பத்திலும் நோயாளி தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க வேண்டும். அப்படி ஒருவரோடு போய்வந்த பெண் இரவில் இந்தத் தொடரைப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதிகள் அவளுக்குத் துணையாக இருந்திருக்கும். சாகப்போகிறவளின் கோபத்தை அவை மதித்தன. உலகம் அழியட்டும் என்று கத்துவதற்கு அவளை அனுமதித்தன. கடைசிப் பகுதிகள் அவளிடம் என்ன சொல்கின்றன? உனக்கு ஒரு தெய்வம் வாய்க்கவில்லை, அதனால்தான் என்றா? எழுதியவர் அப்படி நினைத்து எழுதவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல மனதோடுதான் எல்லோரையும் பிழைக்க வைத்திருக்கிறார். கதையில் நல்ல மனது மட்டும் போதாமல் போகும் இடங்கள் உண்டு.

நானாக இருந்தால் எங்கே நிறுத்தியிருப்பேன் என்று இடைவேளையில் ஒரு தங்கை கேட்டார். அவன் மறைந்தான், அவள் பிழைத்தாள், அந்த இடத்தில். ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு பகுதி கொடுத்திருப்பேன். தான் கொன்று பிழைத்தவள் என்பதை அவள் சுமக்க வேண்டும். வலி நின்ற கையோடு, அந்தக் கையைப் பிடித்தவன் இல்லாமல், காலையில் அலுவலகம் போக வேண்டும். அவளுடைய வேலையே மற்றவர்களின் கதைகளுக்கு முடிவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இத்தனைக்கும் பிறகு அவள் மேசையில் ஒரு காதல் கதையின் கடைசி அத்தியாயம் வந்தால் என்ன திருத்துவாள், எதை விட்டுவைப்பாள்? அந்தக் காட்சிக்காக நான் 16-ஆம் பகுதி வரை காத்திருந்தேன். அது எழுதப்படவில்லை.

பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘டூம்’ தொடரின் முதல் ஆறு பகுதிகளைக் கட்டாயம் பாருங்கள். அதோடு நிறுத்திவிட்டு, குறிஞ்சிப்பாட்டை உரையோடு எடுத்து, பூக்களின் பட்டியலைத் தாண்டி 100-ஆவது அடியிலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள். பிறகு தொடரின் மீதியை நீங்களே எழுதிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தால் வரிக்கு வரி உட்கார்ந்து பேசலாம், நானும் வருகிறேன். இப்போது கேள்விகளுக்குப் போகலாம். அந்த ஜன்னலோரம் கை தூக்கியவர் முதலில் கேளுங்கள்.